தாய்லாந்து கிராமப்புறத்தில் பைக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்குத் தாய்லாந்தின் மலைச் சாலைகளில் மூன்று முறை பைக்கில் சுற்றி வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ஊர் திரும்பியதும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன்: மலைச் சாலையில் ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் போதும். ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

முதல் முறை போகிறேன். எந்தப் பகுதிக்குப் போவது?

யோசிக்கவே வேண்டாம், சியாங் மாய் போங்கள். அங்கிருந்து கிளம்பி பாய், மே ஹோங் சோன், மே சரியாங் என்று சுற்றி மறுபடி சியாங் மாய்க்கே வந்து சேரும் பாதையை மே ஹோங் சோன் சுற்று என்பார்கள். மொத்தம் சுமார் 600 கிலோமீட்டர். மே ஹோங் சோன் ஊரில் 1,864 என்ற எண்ணைச் சட்டையிலும் சான்றிதழிலும் அச்சடித்து விற்கிறார்கள். அந்தச் சுற்றில் உள்ள வளைவுகளின் கணக்கு அது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவருக்கு வளைவு புதிதில்லை. ஆனால் அங்கே மலை ஏறி முடித்ததும் ஓய்வு கிடைக்கும். இங்கே ஒரு மலை இறங்கினால் அடுத்த மலை தயாராக நிற்கும்.

சாலை நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் மழமழப்பான தார், வளைவுகளில் எச்சரிக்கைப் பலகை, 30, 40 கிலோமீட்டருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. வழி தவறுவதும் கஷ்டம். வடக்கு அரைவட்டம் 1095ஆம் எண் சாலை, தெற்கு அரைவட்டம் 108ஆம் எண் சாலை, அவ்வளவுதான். இதையெல்லாம் பார்த்துத்தான் புதியவர்களுக்கு இந்தப் பாதையைச் சொல்கிறேன்.

ஏற்கெனவே இதைச் சுற்றியவர்கள் கிழக்கே லாவோஸ் எல்லையை ஒட்டிய ‘நான்’ என்ற மாகாணத்துக்குப் போகலாம். பூவாவிலிருந்து டோய் பூ கா தேசியப் பூங்கா வழியாக போ குலுவாவுக்கு இறங்கும் 1256ஆம் எண் சாலைதான் இதுவரை நான் ஓட்டியதிலேயே அழகானது. வண்டிகள் அபூர்வம். மலைமுகட்டின் மேலேயே போகும்போது இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும். போ குலுவாவில் உப்புக் கிணறு இருக்கிறது. கடல் எங்கோ இருக்க, மலை நடுவே கிணற்றிலிருந்து உப்புநீரை இறைத்து, விறகடுப்பில் பெரிய வாணலியில் காய்ச்சி, மேலே தொங்கும் கூடையில் அள்ளிப் போடுகிறார்கள். கூடையிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி மறுபடி வாணலிக்குள்ளேயே விழும். அந்தக் கொட்டகையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிளம்பும்போது ஒரு பாட்டி கொஞ்சம் உப்பை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார், சூடாக.

எத்தனை நாள் வேண்டும்? நான்கு நாளில் முடித்துவிடலாம் என்கிறார்களே?

ஓட்டி முடித்துவிடலாம்தான். மூன்று நாளில் முடித்தவர்களும் உண்டு. அவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வளைவுகளைப் பற்றி மட்டுமே சொல்வார்கள். எட்டு நாள் ஒதுக்குங்கள்.

என் கணக்கு இப்படி. முதல் நாள் சியாங் மாயிலிருந்து பாய், சுமார் 130 கிலோமீட்டர். இரண்டாம் நாள் பாயிலேயே ஓய்வு. உள்ளங்கையும் தோளும் வளைவுகளுக்குப் பழக ஒரு நாள் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் நாள் 45 கிலோமீட்டர் மட்டும் ஓட்டி பாங் மாபா. பக்கத்தில் தாம் லோட் என்ற குகை இருக்கிறது. குகைக்குள்ளேயே ஆறு ஓடும். மூங்கில் தெப்பத்தில் ஏற்றி, கையில் விளக்கோடு வழிகாட்டி ஒருவர் கூட்டிப்போவார். மாலையில் போனால் ஆயிரக்கணக்கான உழவாரக் குருவிகள் குகை வாயில் வழியாகக் கூடு திரும்புவதைப் பார்க்கலாம். நான்காம் நாள் மே ஹோங் சோன். ஐந்தாம் நாள் பையை அறையிலேயே வைத்துவிட்டு, பர்மா எல்லையை ஒட்டிய பான் ரக் தாய்க்குப் போய் வாருங்கள். சீன உள்நாட்டுப் போரில் தோற்று யுன்னானிலிருந்து வந்த கோமிண்டாங் வீரர்களின் சந்ததியினர் வாழும் ஊர் அது. ஏரிக்கரையில் மண்வீடுகள், சுற்றிலும் தேயிலை.

ஆறாம் நாள் மே ஹோங் சோனிலிருந்து மே சரியாங் 165 கிலோமீட்டர். என் விதியை நானே மீறும் ஒரே நாள் இது. வடக்கை விட இந்தச் சாலை அகலம், வளைவும் இளகியது. அப்படியும் காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள். நவம்பரில் போகிறவர்கள் வழியில் குன் யுவாமில் தங்கிவிடுவது நல்லது. அந்த மாதம் டோய் மே ஊ கோ மலைச்சரிவு முழுக்க மஞ்சள் காட்டுச் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். ஏழாம் நாள் ஹோட் வழியாகச் சோம் தோங். எட்டாம் நாள் டோய் இந்தனோன் ஏறி இறங்கி சியாங் மாய். 2,565 மீட்டர், நாட்டிலேயே உயர்ந்த இடம். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் உச்சியில் புல் மேல் உறைபனி படிவதும் உண்டு. கையுறை இல்லாமல் ஏறாதீர்கள்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் தொடங்கி ஜனவரி முடிய. மழை ஓய்ந்திருக்கும், மலை பச்சையாக இருக்கும், காற்று சுத்தமாக இருக்கும்.

பிப்ரவரி பின்பாதியிலிருந்து ஏப்ரல் வரை வடக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். வயல் தாளையும் காட்டுச் சருகையும் எரிக்கும் காலம் அது. புகை பள்ளத்தாக்குகளில் தேங்கி நிற்கும். உலகிலேயே காற்று மோசமான நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் மேலே ஏறுவது ஆண்டுதோறும் இந்த வாரங்களில்தான். கண் எரியும், தொண்டை கரகரக்கும், எதிரே இருக்கும் மலை தெரியாது. விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று மார்ச்சில் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். பாதிச் சுற்றிலேயே திரும்பிவிட்டார்.

மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நாள் முழுக்கப் பெய்யாது, பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கொட்டும். வயல்களின் பச்சை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஈரச் சாலையில் ஓட்டிப் பழக்கமுள்ளவர் போகலாம், ஆனால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மண்சரிவு உண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. சாலையோரத்தில் நின்று வருகிற போகிற வண்டி மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். நடந்து போகிறவருக்குக் கொண்டாட்டம், பைக்கில் போகிறவருக்கு ஆபத்து. அந்த வாரமும் ஆங்கிலப் புத்தாண்டு வாரமும் சாலை விபத்துகளுக்குப் பெயர் போனவை. தாய்லாந்து அரசே அவற்றை ஆபத்தான ஏழு நாட்கள் என்று அறிவித்து எச்சரிக்கிறது.

இந்திய லைசென்ஸ் போதுமா?

போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் சேர்த்து வேண்டும். கிளம்புவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலமாக எடுத்துவிட வேண்டும், பரிவாகன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஓராண்டு செல்லும். தாய்லாந்து போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அங்கே கிடைக்காது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உங்கள் லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால் அனுமதிப் புத்தகத்திலும் கார் மட்டும்தான் இருக்கும். மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை விழுந்திருக்க வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருக்கும் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் நம்மிடையே நிறைய. அவர்கள் கியர் வண்டிக்கும் சேர்த்து எடுத்த பிறகு கிளம்புவது நல்லது.

மலேசியா, சிங்கப்பூர் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆசியான் நாடுகள் ஒன்றின் லைசென்ஸை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் 1985 முதலே இருக்கிறது.

வாடகைக் கடையில் லைசென்ஸே கேட்காமல் சாவியைக் கொடுப்பார்கள். அதை நம்பிவிடாதீர்கள். கடைக்காரருக்குத் தேவை வாடகை. லைசென்ஸைக் கேட்கப்போகிறவர்கள் போலீசும் இன்சூரன்ஸ் கம்பெனியும்.

பயண இன்சூரன்ஸ் எடுத்தால் பைக் விபத்துக்கும் சேருமா?

பாலிசியைப் பிரித்து மூன்று இடங்களைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுவது சேருமா, பின்னால் உட்காருவது மட்டும்தானா? எத்தனை சி.சி. வரை? பல பாலிசிகள் 125 சி.சி.யோடு நிறுத்திக்கொள்ளும். செல்லத்தக்க லைசென்ஸும் ஹெல்மெட்டும் நிபந்தனையா? இதற்குப் பதில் கிட்டத்தட்ட எப்போதும் ஆமாம்தான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை பில் முழுக்க உங்கள் தலையில்.

வாடகை வண்டிக்குக் கட்டாய இன்சூரன்ஸ் இருக்கும், போ ரோ போ என்பார்கள். ஆளுக்கு அடிபட்டால் ஓரளவு சிகிச்சைச் செலவு கிடைக்கும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அதிலிருந்து ஒரு காசு வராது.

எந்த வண்டி எடுப்பது? ஸ்கூட்டரே போதுமா?

தனியாகப் போகிறவருக்கு ஹோண்டா வேவ் போன்ற 110 அல்லது 125 சி.சி. வண்டியைத்தான் சொல்வேன். கிளட்ச் லிவர் இல்லை, ஆனால் காலால் மாற்றும் கியர் உண்டு. மலேசியாவில் கப்சாய் என்பார்களே, அதே இனம். தமிழ்நாட்டில் கொஞ்ச காலம் ஓடிய ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு உடனே பிடிபடும். பெட்ரோல் குடிக்காது. எந்தக் கிராமத்திலும் மெக்கானிக் கிடைப்பார், பாகமும் கிடைக்கும்.

கியர் வண்டி என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் ஏற்றம் இல்லை, இறக்கம். முதல் பயணத்தில் நானும் என் தம்பியும் ஒரே ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் டோய் இந்தனோன் ஏறினோம். ஏற்றத்தில் திணறியது, அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இறங்கும்போது 20 கிலோமீட்டருக்கு மேல் கை பிரேக்கை விட்டு வரவே இல்லை. முதலில் கருகிய வாடை வந்தது. வேறு ஏதோ வண்டி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் முன் பிரேக் லிவரைப் பிடித்தால் பஞ்சைப் பிடித்தது போல ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. பின் பிரேக்கால் எப்படியோ ஒரு ஸ்ட்ராபெரி விற்கும் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினோம். தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. கடைக்கார அம்மா டிஸ்க்கைக் கைகாட்டி, தொடாதே என்று சைகை செய்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். வண்டியைக் காட்டி இன்னும் உட்கார், இன்னும் உட்கார் என்று முக்கால் மணி நேரம் எங்களை எழவே விடவில்லை.

நடந்தது இதுதான். தொடர்ந்து பிடிக்கும்போது பிரேக் பேடு சூடேறி, அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடுகிறது. ஆயில் அழுத்தத்தைக் கடத்தும், குமிழி கடத்தாது, நசுங்கிவிடும். ஆறியதும் பிரேக் திரும்ப வந்துவிடும். கியர் வண்டியில் இரண்டாம் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை பாதிதான். ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும் என்றால் அதுவும் சரி, ஆனால் ஒருவர் மட்டும் ஏறுங்கள், நீண்ட இறக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள், விட்டு விட்டுப் பிடியுங்கள்.

இரண்டு பேர் ஒரே வண்டியில் போவதானால் 300 முதல் 500 சி.சி. வண்டி எடுக்கலாம். சியாங் மாயில் ஹோண்டா சிபி500எக்ஸ், சிஆர்எஃப்300எல் போன்றவை வாடகைக்குக் கிடைக்கும். ஊரில் பெரிய வண்டி ஓட்டாதவர் அங்கே போய் முதல் முறையாக ஏறிப் பார்க்க வேண்டாம்.

வாடகைக்கு எடுக்கும்போது எதைக் கவனிப்பது?

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். பல கடைகளில் கேட்பார்கள். நகலும் ரொக்க முன்பணமும் வாங்கிக்கொள்ளும் கடையைத் தேடுங்கள், இருக்கிறது. பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தால், வண்டி திரும்பும்போது சொல்லும் கீறல் கணக்கை நீங்கள் எதிர்த்துப் பேச முடியாது. சோதனைச் சாவடியில் காட்டவும் அதுதான் வேண்டும்.

கிளம்புமுன் கடைக்காரர் கண்ணெதிரே வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள். டயரின் நடுப் பள்ளத்தில் விரல் வைத்துப் பாருங்கள், வழவழப்பாக இருந்தால் வேறு வண்டி. பிரேக், இரண்டு விளக்கு, ஹாரன், வரிச் சீட்டு தேதி. ஹெல்மெட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன்: கடையில் தரும் ஹெல்மெட் பெரும்பாலும் தொப்பி மாதிரிதான் இருக்கும். நல்ல ஹெல்மெட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், விமானத்தில் கையில் வைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் 2,000 பாட் வரை அபராதம் போட சட்டத்தில் இடமிருக்கிறது.

நான் கடைசியாகப் போனபோது 125 சி.சி. வண்டி நாளைக்கு 250 பாட். பெரிய வண்டிகள் ஆயிரத்துக்கு மேல். ஒரு வாரம் என்றால் குறைத்துக் கேட்கலாம்.

சொந்த வண்டியிலேயே போக முடியுமா?

இந்தியாவிலிருந்து என்றால் வழி பர்மா. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே நடக்கும் சண்டைக்கு நடுவே யாரையும் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. போதாதற்கு, வெளிநாட்டு வண்டிகள் பயண முகவர் மூலம் முன் அனுமதி வாங்கித்தான் நுழைய வேண்டும் என்று தாய்லாந்தில் 2016 முதல் விதி. வாடகையே மேல்.

மலேசியத் தமிழர்களின் கதை வேறு. அவர்கள் சொந்த வண்டியில் தெற்குத் தாய்லாந்தின் ஹாட் யாய்க்கும் பெத்தோங்குக்கும் போய் வருவது சாதாரணம். எல்லையில் தாய்லாந்து இன்சூரன்ஸ் மட்டும் மறக்காமல் எடுக்க வேண்டும்.

சியாங் மாய்க்கு எப்படிப் போவது? பாங்காக்கிலிருந்தே ஓட்டிப் போனால் என்ன?

700 கிலோமீட்டர் சமவெளி நெடுஞ்சாலை, லாரிகளோடு. அதில் இரண்டு நாளை ஏன் கொடுக்க வேண்டும்? பாங்காக்கின் க்ருங் தெப் அபிவத் நிலையத்திலிருந்து இரவு ரயிலில் படுத்தால் காலையில் சியாங் மாய். விமானம் என்றால் ஒன்றேகால் மணி நேரம்.

விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் வந்துசேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் இல்லை.

அங்கே சாலையில் ஓட்டுவது எப்படி இருக்கும்?

நம்மைப் போலவே இடது பக்கம். முகப்பு விளக்கை அடித்துக் காட்டினால் நம் ஊரில் என்ன அர்த்தமோ அதுவேதான்: நான் வருகிறேன், நீ நில். சாலையில் மரக்கிளையை ஒடித்துப் போட்டிருந்தால் முன்னால் வண்டி பழுதாகி நிற்கிறது. நம் லாரிக்காரர்கள் செய்வதேதான்.

மாறுவது ஹாரன். ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் பத்து ஹாரன் காதில் விழாது. நம் கட்டைவிரலோ அதன் மேலேயே குடியிருக்கும். முதல் நாள் அதை எடுத்து வையுங்கள். எதிரே வருவது தெரியாத கொண்டை ஊசியில் மட்டும் ஒரு சின்னத் தட்டு, அது தவறில்லை.

கிராமப்புறத்தில் பயப்பட வேண்டியவை மூன்று. வளைவை வெட்டிக்கொண்டு உங்கள் பக்கத்துக்கு வரும் பிக்கப் வண்டிகள்: எதிரே தெரியாத வளைவுகளில் இடது பக்கமாகவே இருங்கள், நடுக்கோட்டை நெருங்காதீர்கள். ஓரமாகவே தப்பான திசையில் வரும் உள்ளூர் பைக்குகள். அப்புறம் நாய்கள். அவை சாலையையே படுக்கையாக நினைக்கும், ஹாரனுக்கு எழாது.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். டிசம்பரில் ஆறு மணிக்கு இருட்டிவிடும், மலைக்குள் அதற்கும் முன்பே. 150 கிலோமீட்டர் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். மலையில் சராசரி 35, 40 கிலோமீட்டர் வேகம்தான் வரும். ஒன்பதுக்குக் கிளம்பி, ஒரு அருவி பார்த்து, சாப்பிட்டு, ஒரு பஞ்சரும் ஒட்டினால் நாலு மணி. இன்னும் 100 கிலோமீட்டர் மிச்சமிருந்தால் அதைச் சோர்ந்த கண்ணோடு இருட்டில்தான் ஓட்ட வேண்டிவரும்.

பெட்ரோல்?

ஊர்களில் பி.டி.டி. கம்பெனியின் பெட்ரோல் பங்க்குகள் நிறைய, கழிப்பறையும் காபியும் செவன் இலெவன் கடையும் சேர்ந்தே இருக்கும். கேஸோஹால் 91 அல்லது 95 போடச் சொல்லுங்கள். “தெம் தாங்” என்றால் டேங்கை நிரப்பு. மலைக்குள் நுழைந்தால் பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுவது என் பழக்கம். பங்க் இல்லாத கிராமத்தில் பெட்டிக்கடை முன்னால் பாட்டிலில் பெட்ரோல் வைத்திருப்பார்கள், விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் முயற்சி வேண்டும். கறி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. அங்கே மீன் சாஸ் நம் உப்பைப் போல, காய்கறிப் பொரியலிலும் விழும். கற்றுக்கொள்ள வேண்டிய சொல் “ஜே”. சீன பௌத்த மரபின் சைவம் இது, முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் துணியில் சிவப்பாக எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், அந்த எழுத்து பார்ப்பதற்கு 17 என்று எழுதியது போலவே இருக்கும். 17 கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள். இன்னொரு சொல் “மங்சவிரத்”, அதுவும் சைவத்தைக் குறிப்பதுதான். அதற்குள் மாமிசம் என்ற சொல் இருப்பது காதில் விழுகிறதா? “மை சை நாம் பிளா” என்றால் மீன் சாஸ் போடாதே.

சின்ன ஊர்களில் இவை எதுவும் இல்லாமல் போகலாம். அப்போது காலைச் சந்தைதான் துணை. ஒட்டும் அரிசிச் சோறு, சுட்ட வாழைப்பழம், வேகவைத்த சோளம், பப்பாளி. காவ் லாம் என்ற ஒன்றைத் தவறவிடாதீர்கள்: ஒட்டும் அரிசியைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் சுடுவார்கள். மூங்கிலை வாழைப்பழம் போல உரித்தால் உள்சவ்வு ஒட்டிய சோறு வெள்ளையாக வரும். இரண்டு குழாய் பையில் இருந்தால் மதியச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

தங்குமிடம் முன்பதிவு செய்ய வேண்டுமா?

முதல் இரவுக்கும், சனிக்கிழமை பாயில் தங்குவதாக இருந்தால் அதற்கும் செய்யுங்கள். மற்றபடி தேவையில்லை. 400 முதல் 800 பாட்டுக்குச் சுத்தமான அறை கிடைக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் பாங்காக்கே வடக்கே வந்துவிடும், அறை கிடைக்காது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம். இந்தச் சுற்றில் தனியாக ஓட்டும் பெண்களை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். உள்ளூரிலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிகள் வரை பெண்கள் வண்டி ஓட்டுவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரவு ஓட்டாமை, தங்கும் ஊரை வீட்டில் சொல்லிவைத்தல் இரண்டும் ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

போலீஸ் நிறுத்தினால்?

மே ஹோங் சோன் பர்மா எல்லையை ஒட்டிய மாகாணம் என்பதால் சோதனைச் சாவடிகள் இருக்கும். வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, சிரியுங்கள். பெரும்பாலும் போ என்று கையசைத்துவிடுவார்கள். கேட்டால் பாஸ்போர்ட், லைசென்ஸ், அனுமதிப் புத்தகம் மூன்றையும் காட்டுங்கள். குரலை உயர்த்தாதீர்கள், அங்கே கோபப்படுகிறவருக்கு மரியாதை இல்லை. மன்னர் குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேச வேண்டாம், சட்டம் கடுமையானது.

விபத்து நடந்துவிட்டால்?

ஆம்புலன்ஸுக்கு 1669, போலீசுக்கு 191, ஆங்கிலத்தில் பேச சுற்றுலாப் போலீஸ் 1155. மூன்றையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். அடிபடாமல் வண்டி மட்டும் விழுந்திருந்தால் முதலில் கடைக்காரருக்குச் சொல்லிவிட்டுப் பழுது பாருங்கள். பஞ்சர் ஒட்டும் கடை எல்லாச் சிற்றூரிலும் உண்டு, தொங்கவிட்ட பழைய டயர்தான் பெயர்ப்பலகை.

வடக்கு தவிர வேறு எங்கே?

காஞ்சனபுரி. பாங்காக்குக்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்து 323ஆம் எண் சாலை குவாய் நொய் ஆற்றை ஒட்டி சங்க்லபுரி வரை 220 கிலோமீட்டர் போகிறது. ஓட்ட எளிது, மலையும் அணையும் காடும் உண்டு. ஆனால் தமிழர் ஒருவர் இந்தச் சாலையில் போக வேறு காரணம் இருக்கிறது.

1942, 1943இல் ஜப்பானிய ராணுவம் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுவந்த தமிழர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். காஞ்சனபுரி போர் நினைவிடத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றாக வெட்டிச் சீராக்கிய புல்வெளியில். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் பெயர்களைப் படித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தேன். செத்த தோட்டத் தொழிலாளிகளுக்கு அங்கே இடமில்லை.

சங்க்லபுரி போகும் வழியில், காஞ்சனபுரியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் ஹெல்ஃபயர் கணவாய் வருகிறது. அருங்காட்சியகத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, படியிறங்கி, பாதைக்காகப் பிளந்த பாறைக்குள் நடந்து போகலாம். இரண்டு பக்கமும் உயரமாகப் பாறைச் சுவர். கையால் உளியடித்துத் துளைத்த தடங்கள் இன்னும் அதில் இருக்கின்றன, விரல் நுழையும் அளவுக்கு. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்தில் பாறை அனலடிக்கும். அன்றைக்கு அதற்கு மேல் அதிகம் ஓட்டத் தோன்றாது. தோங் பா பூம் இன்னும் 70 கிலோமீட்டருக்குள்தான், அங்கே தங்கிவிட்டு மறுநாள் சங்க்லபுரி போங்கள்.